வீட்டுக்கே வரும் கால்நடை மருத்துவ சேவை என்றால் என்ன? செலவு ஏன் குறைகிறது?

டாக்டரே மருந்துப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நாய், பூனையைப் பார்ப்பதுதான் இது. கிளினிக் வாடகை கிடையாது. ஒரே ஏரியாவில் நாலைந்து வீடுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஷேர் ஆட்டோ மாதிரி, பெட்ரோல் செலவும் பங்காகிவிடும். அபார்ட்மென்ட்காரர்கள் சேர்ந்து கூப்பிடுவதே லாபம்.

கவனிக்க வேண்டியது தடுப்பூசியைத்தான். அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சென்னை வெயிலில் சூடானாலும் வீண், ஐஸில் உறைந்தாலும் வீண். குளிர்பெட்டியிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். குப்பியின் காலாவதித் தேதியைப் பார்த்து, லேபிளைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். பூனையை முன்கூட்டியே ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். காலிங் பெல் அடித்தால் கட்டிலுக்கடியில் புகுந்துவிடும்.

வீட்டுக்கு வருவதால் இதை ஆம்புலன்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சுத் திணறல், விபத்து, நிற்காத ரத்தம் என்றால் காத்திருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.