துண்டு போட்டு இடம் பிடிக்க இது பஸ் சீட் அல்ல!

கேள்வி: நியூயார்க் குவீன்ஸில் வசிக்கிறோம். ஜூன் மூன்றாவது சனிக்கிழமை மகனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். எங்கள் அபார்ட்மென்ட்டில் பத்துப் பேர் நின்றாலே மூச்சு முட்டும். ஹால் வாடகையோ கட்டுப்படியாகவில்லை. ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில் வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். "விடியற்காலையில் போய் பெட்ஷீட்டை விரித்துவிட்டால் போதும், அனுமதியெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்?" என்கிறார் கணவர். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "பேரன் பிறந்தநாளைப் புல்தரையிலா கொண்டாடுவது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, குவீன்ஸ்

பதில்: சகோதரி, எல்லாம் எழுதினீர்கள், எத்தனை பேர் வருவார்கள் என்பதை எழுதவில்லையே! விஷயமே அதில்தான் இருக்கிறது. நியூயார்க் நகரப் பூங்காக்களில் 20 பேரோ அதற்கு மேலோ கூடுவதாக இருந்தால், நகரப் பூங்காத் துறையிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். நம் வீட்டு விசேஷக் கணக்கு உங்களுக்குத் தெரியாததா? மகனின் பள்ளித் தோழர்கள் எட்டுப் பேர் என்று ஆரம்பிப்பீர்கள். அவர்களைக் கொண்டுவிட வரும் அப்பா அம்மா, வீட்டில் விட்டுவர முடியாத தங்கச்சிப் பாப்பா, அப்புறம் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்கள், "அவரைக் கூப்பிட்டு இவரைக் கூப்பிடாவிட்டால் நன்றாகவா இருக்கும்?" என்று சேரும் நாலு வீடு. நாற்பதைத் தாண்டிவிடும். கைக்குழந்தையையும் சேர்த்து எண்ணி, அந்த எண்ணை விண்ணப்பத்தில் போடுங்கள்.

20 பேருக்குக் குறைவு என்றால் அனுமதி இல்லாமலே போய் உட்காரலாம். ஆனால் இன்ன இடம்தான் வேண்டும் என்றால் அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கணவரிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். விடியற்காலையில் விரித்த பெட்ஷீட்டில் நாற்பது பேரும் கேக்கும் வந்து உட்கார்ந்த பிறகு, அதே இடத்துக்கு அனுமதித் தாள் வைத்திருக்கும் இன்னொரு குடும்பம் பலூனோடு வந்து நின்றால், எழுந்து போக வேண்டியது நீங்கள்தான். பிறந்தநாள் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க அதைச் சந்திக்கத் தயாரா என்று கேளுங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். கட்டணம் 25 டாலர். மழை பெய்தாலும் நீங்களே ரத்து செய்தாலும் அது திரும்பி வராது. பரிசீலித்து முடிக்க 21 முதல் 30 நாள் வரை ஆகும் என்பதால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். "ஏரிக்கரை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், பூங்காவில் உள்ள ஏரியின் எந்தப் பக்கம், எந்த வாகன நிறுத்தத்துக்கு அருகில் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். அதற்கு ஒரு சனிக்கிழமை அதே நேரத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. பத்து மணிக்கு நிழல் தரும் மரம் பன்னிரண்டுக்குக் கைவிட்டுவிடும். கழிப்பறை எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் கடைசி நிமிடத்தில்தான் சொல்வார்கள். ஐஸ் பெட்டியைக் காரிலிருந்து தூக்கி வரப்போவது யார் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். அந்தச் சனிக்கிழமை பூங்காவை ஒட்டியுள்ள சிட்டி ஃபீல்டு மைதானத்தில் மெட்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டி நிறுத்த இடம் தேடியே உங்கள் விருந்தினர் களைத்துப்போவார்கள். அப்படியானால் 7-ஆம் எண் ரயிலில் வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கிஸ்ஸேனா பூங்காவுக்கு மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றினால், ஃப்ளஷிங் மெடோஸில் இருக்கும் யூனிஸ்பியர் என்ற பெரிய எஃகு உலக உருண்டை முன்னால் படம் எடுக்க முடியாதுதான். 1964 உலகக் கண்காட்சிக்காக வைத்தது, இன்னும் அங்கேதான் நிற்கிறது. இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

அனுமதி கிடைத்துவிட்டால் பூங்காவே நம்முடையது என்றாகிவிடாது. மரத்தில் கயிறு கட்டித் தோரணம் தொங்கவிடக் கூடாது. மது கூடாது. ஸ்பீக்கரில் பாட்டுப் போட வேண்டுமானால் காவல் நிலையத்தில் தனி அனுமதி, அதற்கு 45 டாலர். ஐந்து வயதுக்கு ஸ்பீக்கர் எதற்கு என்பது என் கட்சி. நாற்பது பேர் சேர்ந்து பாடினால் போதாதா? காற்றடைத்த குதிக்கும் கூடாரம் கொண்டுவருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால், பூங்காத் துறையிடம் கேட்டு முடிக்கும்வரை கொடுக்காதீர்கள். விளையாட்டுத் திடலுக்குள் 12 வயதுக்குட்பட்ட குழந்தை உடன் இல்லாத பெரியவர்கள் போகக் கூடாது என்பது இங்கே விதி. ஊரிலிருந்து வந்த தாத்தாக்கள் காலாற நடந்து அங்கே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார்கள், முன்னாடியே சொல்லி வையுங்கள்.

அடுப்பு மூட்டுவது அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான். சுடச்சுட தோசை வார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இட்லி, எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம் என்று ஆறினாலும் சுவை கெடாததாகக் கொண்டுபோங்கள். கேக் பெட்டியின் மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏரிக்காற்றில் பிள்ளை ஊதுவதற்கு முன்பே மெழுகுவர்த்தி அணைந்துவிடும், அந்த மூடியை மறைப்பாகப் பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள். பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்தால் வெயிலும் தப்பும், பிள்ளைகளின் சிணுங்கலும் தப்பும்.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். அவர் கேட்பது புல்தரையைப் பற்றி மட்டும்தானா? காலையில் பௌன் தெரு கணேசர் கோவிலில் பேரன் பெயருக்கு அர்ச்சனை செய்யும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். ஆரத்தியும் வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள், கற்பூரம் அந்தக் காற்றில் நிற்காது. பூங்காவில் அவருக்குச் சாய்ந்து உட்காரும் மடக்கு நாற்காலி ஒன்று, நிழலில், கேக் மேசைக்குப் பக்கத்தில். முதல் துண்டு அவர் கையால் ஊட்டட்டும்.

மழைக்கு மாற்று ஏற்பாடு இப்போதே வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு வானிலையைப் பார்த்து முடிவெடுத்து, வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் ஒருவர் மட்டும் அறிவியுங்கள். இரண்டு பேர் அறிவித்தால் பாதிப் பேர் பூங்காவிலும் மீதிப் பேர் உங்கள் வீட்டு வாசலிலும் நிற்பார்கள்.