பழைய வொர்க்ஸ்டேஷனுக்கு லினக்ஸா, ஃப்ரீபிஎஸ்டியா?

காட்பாடியில் டிடிபி கடை, கோர் 2 குவாட் பிராசஸர், 4 ஜிபி ராம், குவாட்ரோ கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 7. இதில் எதைப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13, அதோடு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் (திரை இடைமுகம்).

கோர் 2 குவாட் 64 பிட் பிராசஸர்தான், அதனால் கவலை இல்லை. 32 பிட் மட்டுமே தெரிந்த பழைய பென்டியம் 4 என்றால் கதை வேறு: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதற்கு இன்ஸ்டாலரே கிடையாது. ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி மாதிரி 32 பிட்டை இன்னும் ஆதரிக்கும் சிஸ்டங்களின் பக்கம் போக வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸைப் போலவே இலவசமான, யுனிக்ஸ் வழி வந்த இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம். நல்ல சிஸ்டம், ஆவணங்களும் அருமை. ஆனால் டெஸ்க்டாப்பை நீங்களேதான் நிறுவிக்கொள்ள வேண்டும். சர்வராக ஓடவிடுவதென்றால் அதையே சொல்லியிருப்பேன். கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம். குவாட்ரோவுக்கு லினக்ஸில் நூவோ என்ற இலவச டிரைவர் கூடவே வரும். முப்பரிமாண வேலைக்கு மெதுவாக இருக்கும், பக்க வடிவமைப்புக்குப் போதும்.

உங்கள் உண்மையான சிக்கல் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதற்கு மாற்றான ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளைப் பழகலாம், ஆனால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை விண்டோஸ் டிஸ்கை அழிக்காதீர்கள். புது எஸ்எஸ்டி வாங்கி அதில் டெபியனைப் போடுங்கள். வேகம் கூடுவதும் பெரும்பாலும் அந்த எஸ்எஸ்டியால்தான்.

அப்புறம், வேலூர் வெயில் தெரிந்ததே. மே வருவதற்குள் தூசி தட்டி, பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் தடவிவிடுங்கள்.