மகளின் கலியாணத்துக்கு முன் லேசர் செய்யலாமா?

கேள்வி: வயது 46, சுன்னாகம். 20 வருடமாக சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்து கன்னமெல்லாம் மங்கு, கண்ணோரம் சுருக்கம். கனடாவில் அக்கா லேசர் செய்து முகம் நல்ல தெளிவு. இங்கே ஒரு பார்லரில் 3 தரம் செய்தால் போதும் என்கிறார்கள். 2 மாதத்தில் மகளின் கலியாணம். செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம்.

லேசரோ ரேடியோ அலையோ, சுருக்கத்துக்குச் செய்வது ஒன்றுதான்: தோலுக்குள் அளவாகச் சூட்டை இறக்குவது. அந்தச் சூடுபட்ட இடத்தை ஆற்ற உடம்பு தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைப் புதிதாகக் கட்டும்போது சுருக்கம் குறைகிறது, ஆனால் அதற்கு 3 முதல் 6 மாதம் பிடிக்கும். பிராக்‌ஷனல் லேசர் என்பது முகம் முழுவதையும் சுடாமல் ஊசிமுனைப் புள்ளிகளாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைப்பது. அதனால் காயம் கெதியாக ஆறும்.

சிக்கல் நம் நிறத்தில். பார்லர்களில் ஐபிஎல் என்று சொல்லிப் பாய்ச்சும் பலத்த ஒளி போன்றவை, தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தேடிப் பிடிக்கின்றன, நமக்கோ மேல்தோலெங்கும் மெலனின்தான், சூடு கொஞ்சம் கூடினாலும் கொப்புளம். அடுப்படியில் எண்ணெய் தெறித்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்குமே, அதுபோல லேசர் பட்ட இடமும் கறுக்கலாம். மங்கு இன்னும் மோசம், சூடே அதைக் கிளப்பிவிடும். முதல் மாதம் தெளிந்து, பிறகு முன்னையைவிடக் கறுத்துப்போய் அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்.

அக்காவுக்கு மங்கு இருந்ததா, சுருக்கம் மட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் செய்திருந்தால் வெயில் அதிகம் படாமலே ஆறியிருக்கும். உங்களுக்கு மறுநாளே சைக்கிள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? எஸ்பிஎப் 30க்குக் குறையாத, தோல்நிறச் சாயம் கலந்த சன்ஸ்கிரீனைக் காலையில் பூசி, வெளியில் நிற்கும் நாளில் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். அந்தச் சாயத்திலுள்ள இரும்பு ஒக்சைட்டு, மங்கைக் கறுக்கவைக்கும் சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும். அகலத் தொப்பியும் போடுங்கள். மங்குக்கான கிறீமைத் தோல் வைத்திய நிபுணர் எழுதித் தரட்டும், கலியாணத்துக்குள் ஓரளவு தெளிவு தெரியும்.

சுருக்கத்தைப் பிறகு பார்ப்போம். ரேடியோ அலை நிறத்தைத் தேடிப் போகாது என்பதால் நம் தோலுக்கு ஆபத்து குறைவு, ஆனால் அதுவும் சூடுதான், மங்கு அடங்கிய பின்தான் யோசிக்க வேண்டும். எந்த மெஷினென்றாலும் காதுக்கு முன்னால் சின்ன இடத்தில் செய்து 4 முதல் 6 கிழமை பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மாட்டோம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை: வெள்ளையாக்கும் கிறீம் ஏதும் பூசுகிறீர்களா? லேபல் இல்லாத பலவற்றில் ஸ்டீரொய்டோ பாதரசமோ இருக்கும். அப்படியென்றால் தாமதிக்காமல் இந்தக் கிழமையே வைத்தியரிடம் போங்கள், அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.