முதலில் உங்கள் தெரு வேகத்தடையை அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. அண்ணா நகரிலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீஸுக்கு தினமும் நானே ஓட்டிப் போகிறேன். வீட்டில் ஒரு இன்னோவா இருக்கிறது, அது அப்படியே இருக்கும். இருபது வருட ஆசை, இப்போதுதான் கை கூடியிருக்கிறது: இரண்டு கதவு கூப்பே ஒன்று வாங்க வேண்டும், அதைத்தான் தினமும் எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு கோடிக்குள் முடிக்கணும். பிஎம்டபிள்யூ எம்4, மெர்சிடிஸ் ஏஎம்ஜி சிஎல்இ 53, அல்லது நான்கைந்து வருடம் ஓடிய போர்ஷே 911, இந்த மூன்றில் எது? 10 வயது மகளைக் காலையில் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் போவேன்.
வாசகர், சென்னை

பதில்: முதலில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை நடந்து போங்கள், வழியில் இருக்கும் ஒவ்வொரு வேகத்தடையின் உயரத்தையும் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சரியான காரை அந்தக் குறிப்புதான் சொல்லும், குதிரைத்திறன் இல்லை.

காரணம் இருக்கிறது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். எம்4-இன் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய 12 செ.மீ.தான். அதைக் கேட்டதும் பலர் பயந்துவிடுகிறார்கள், ஆனால் கணக்குப் போட்டால் பயமே தேவையில்லை. அந்த காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.86 மீட்டர், மேடு அதைவிட அகலம், அதனால் கார் நட்டநடுவில் நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் சரிவிலேயே சுமார் 4 செ.மீ. ஏறித்தான் நிற்கும். மேட்டின் உச்சி வயிற்றைத் தொட இன்னும் 6 செ.மீ. பாக்கி. 911-க்கு சக்கர இடைவெளி 2.45 மீட்டர்தான், அதில் இன்னும் நிம்மதி.

தொல்லை எங்கே என்றால், தெருக்காரர்களே காங்கிரீட் கொட்டி எழுப்பிய, ஒரு முழ அகலத்தில் 12, 15 செ.மீ. உயரத்துக்குக் குத்தாக நிற்கும் தடைகள். அதில் முன் சக்கரம் ஏறி இறங்கிய பிறகு முழு உயரமும் வயிற்றுக்கு நேராக வரும், எவ்வளவு மெதுவாகப் போனாலும் இடிக்கும். உங்கள் வழியில் அப்படி ஒன்றே ஒன்று இருந்து, அதைத் தவிர்க்க வேறு தெருவும் இல்லை என்றால், தினமும் இரண்டு முறை அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கும். இரண்டு கோடி கொடுத்து வாங்கிய காரில் அந்தச் சத்தம் வயிற்றைப் பிசையும், நான் பக்கத்து சீட்டில் இருந்து கேட்டிருக்கிறேன். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் இறங்கும் சரிவையும் பாருங்கள். அங்கே இடிப்பது முன் பம்பரின் கீழ் உதடு, அதற்குக் காரை வளைத்து ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். 911-இல் முன்பக்கத்தைச் சுமார் 4 செ.மீ. தூக்கும் வசதி ஆப்ஷனாக உண்டு. பழையது பார்த்தால் அது இருக்கிற காராகவே தேடுங்கள். எம்4-இல் அப்படி ஒன்று கிடையாது.

சரி, இப்போது கார்களுக்கு வருகிறேன்.

எம்4 காம்பெடிஷன் எக்ஸ்டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும் வகை), 3 லிட்டர் ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 530 குதிரைத்திறன், 100 கி.மீ. வேகத்தை 3.5 நொடியில் தொடும். 2024-இல் இங்கே வந்தபோது ஷோரூம் விலை 1.53 கோடி. 2023 நவம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேலான காருக்குச் சாலை வரி 20 சதவீதம், அதாவது வரி மட்டுமே 30 லட்சத்தைத் தாண்டும். இன்சூரன்ஸும் சேர்த்தால் உங்கள் பட்ஜெட்டின் விளிம்புக்கு வந்துவிடுவீர்கள். முந்தைய தலைமுறை எம்4-இல் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தது, ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சிறு குலுக்கல் வரும். இப்போதையதில் இருப்பது 8 கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், டைடல் பார்க் நெரிசலில் அரை மணி நேரம் நின்று நகர்ந்தாலும் சோர்வு தராது. பின் சீட்டில் பத்து வயதுப் பிள்ளை தாராளமாக உட்காரலாம், டிக்கி 440 லிட்டர். ஆனால் சஸ்பென்ஷனை கம்ஃபர்ட் மோடில் வைத்தாலும் இறுக்கம்தான், மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் பூசிய ரோட்டில் ஒவ்வொரு ஒட்டும் முதுகுக்குத் தெரியும். கார்பன் பக்கெட் சீட்டை ஆசைப்பட்டு எடுக்காதீர்கள், இரண்டு தொடைக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும், தினமும் ஏறி இறங்குபவருக்கு அது ஆகாது.

சிஎல்இ 53-இலும் 3 லிட்டர் ஆறு சிலிண்டர்தான், 449 குதிரைத்திறன். 2025 ஆகஸ்ட்டில் 1.35 கோடிக்கு வந்தது. பின் சக்கரமும் லேசாகத் திரும்பும் என்பதால் பார்க்கிங்கில் நீளம் அவ்வளவாக உறுத்தாது. எம்4-க்குப் பக்கத்தில் வைத்தால் இது கனமான கார், வளைவில் அந்தக் கூர்மை இல்லை. 100-ஐத் தொட 4 நொடிக்குச் சற்று மேல் எடுக்கும். அந்த முக்கால் நொடி வித்தியாசத்தை ஓஎம்ஆரில் எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? சத்தமில்லாத கேபின், மென்மையான சீட், மோசமான ரோட்டிலும் கொஞ்சம் இரக்கம், அதெல்லாம் தினமும் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

911 பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்ட ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார் எது என்று பொதுவாகக் கேட்டால் 911 என்றுதான் சொல்வேன். 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் முதன்முதலில் காட்டிய நாளிலிருந்து இன்றுவரை இன்ஜின் பின்னால்தான், முன்னால் தாழ்ந்த மூக்கு, அதனால் ரோடு நன்றாகத் தெரியும், நீளமும் நாலரை மீட்டர்தான், மூன்றில் இதுவே சிறியது. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரி இருக்கிறதே, மகளைப் பள்ளியில் விடுவது, அதுதான் இங்கே இடிக்கிறது. பின் சீட் என்று இருப்பது சின்னக் குழந்தைக்கானது. பத்து வயதுப் பெண் இன்னும் இரண்டு வருடத்தில் அதில் உட்கார மாட்டேன் என்பாள், அவள் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். முன் சீட்டில் உட்காரவைக்கலாமே என்பீர்கள், அவளுடைய தோழி ஒருத்தி சேர்ந்து வரும் நாளில் என்ன செய்வது? புதியது 2024-இல் 1.99 கோடிக்கு வந்தது, வரி சேர்த்தாலே உங்கள் கணக்கைத் தாண்டும். பட்ஜெட்டை நீட்டிப் புதியதே வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள்: 911-இன் அடிப்படை மாடலான இப்போதைய கரேரா கூப்பே இரண்டு சீட்டோடுதான் வரும், பின் சீட் வேண்டுமென்றால் கூடுதல் காசில்லாமல் தருவார்கள், ஆனால் புக்கிங்கிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

ஆக, உங்களுக்கு சிஎல்இ 53. எம்4-ஐ ஓட்டிவிட்டு மனசு அங்கேயே நின்றுவிட்டால் நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் நல்ல ரோட்டில் முடிக்காதீர்கள். காலை எட்டரை மணிக்கு, மகளைப் பின்னால் உட்காரவைத்து, உங்கள் வழியிலேயே ஓட்டிப் பாருங்கள். மறுத்தால் வேறு ஷோரூம் போங்கள்.

அப்புறம் டயர். எம்4-இல் முன்னால் 19, பின்னால் 20 அங்குலம், ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் மருந்தும் பம்பும்தான். ஆணி குத்தினால் அது போதும், பக்கவாட்டில் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. நண்பர் ஒருவரோடு இதுபோன்ற காரில் வந்தபோது திண்டிவனம் தாண்டி இரவு பதினோரு மணிக்குப் பள்ளத்தில் இறங்கி டயர் கிழிந்தது. காரை லாரியில் ஏற்றி அனுப்பினோம், அந்த அளவு டயர் வந்து சேர ஆறு நாள் ஆனது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். இன்சூரன்ஸில் டயர் கவரும், மழைத் தண்ணீருக்காக இன்ஜின் கவரும், பில் தொகையை முழுதாகத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸும் கட்டாயம் எடுங்கள். சாதாரண பாலிசியின் ஐடிவி தொகையில், அதாவது கார் முழுசாகப் போனால் கம்பெனி தரும் உச்சத் தொகையில், நீங்கள் கட்டிய சாலை வரி சேராது, கார் களவு போனாலோ மூழ்கினாலோ அந்த 27, 30 லட்சம் திரும்பி வராது.

கேள்வி: கோவையில் இருக்கிறேன். பழைய ஆடி ஆர்எஸ்5 கூப்பே ஒன்றும், ஏஎம்ஜி சி63 கூப்பே ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை வால்பாறை போவேன். எதை எடுக்கலாம்?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் பாதி நாள் ஈரம், மூடுபனி. ஆர்எஸ்5 எடுங்கள். 2.9 லிட்டர் வி6, 450 குதிரைத்திறன், நான்கு சக்கரமும் இழுக்கும். சி63-இல் 4 லிட்டர் வி8-இன் சக்தி முழுக்கப் பின் சக்கரத்துக்கு மட்டும் போகிறது, ஈரத்தில் வளைவிலிருந்து வெளியே வரும்போது கால் கொஞ்சம் கூடினாலும் பின்பக்கம் நழுவப் பார்க்கும். ஆனாலும் சி63 வேண்டாம் என்று எழுத எனக்கே மனம் வரவில்லை, ஏனென்றால் அடுத்த தலைமுறை சி63 நான்கு சிலிண்டர் ஹைப்ரிடாகிவிட்டது, கூப்பேயும் நின்றுபோனது, அந்த வி8 சத்தம் இனி புதிதாக வராது. வாரக்கடைசி கார் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எதை எடுத்தாலும் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2419 என்றால் 2019-இன் 24-ஆவது வாரம் செய்தது. இந்த மாதிரி கார்கள் குறைவாகவே ஓடியிருக்கும், டயரின் மேல் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கும், ரப்பர் மட்டும் கெட்டியாகியிருக்கும். அப்படி இருந்தால் புது செட் டயரின் விலையை அங்கேயே பேரத்தில் கழியுங்கள்.

கேள்வி: பின் சக்கரம் மட்டும் இழுக்கும் எம்4 மேனுவலை டொராண்டோவில் பனிக்காலத்திலும் ஓட்ட முடியுமா? எக்ஸ்டிரைவ்தான் எடுக்க வேண்டும் என்கிறார் மனைவி.
வாசகர், ஸ்கார்பரோ

பதில்: ஓட்டலாம், விண்டர் டயர் போட்டால். 7 டிகிரிக்குக் கீழே சம்மர் டயரின் ரப்பர் இறுகிவிடும், பனியே இல்லாத காய்ந்த ரோட்டிலும் பிடிப்பு போய்விடும். எக்ஸ்டிரைவ் கிளம்புவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது, பிரேக் பிடிக்கும்போது டயர்தான் எல்லாம். ஒண்டாரியோவில் கியூபெக் போல விண்டர் டயர் கட்டாயம் இல்லை, ஆனால் 2016-இலிருந்து அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். மேனுவல் பின் சக்கர எம்4-இல் மட்டும்தான் கிடைக்கிறது, எக்ஸ்டிரைவ் என்றால் ஆட்டோமேட்டிக்தான். மனைவியும் அந்தக் காரை ஓட்டுவார் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் மட்டும்தான் என்றால் மேனுவலை எடுங்கள், தனி ரிம்மில் விண்டர் செட் ஒன்றை நவம்பருக்குள் மாட்டிவிடுங்கள், வாரம் ஒருமுறை அடிப்பாகத்து உப்பைக் கழுவுங்கள். இரவெல்லாம் கொட்டி காலையில் தெரு வாராமல் கிடக்கும் நாளில் மட்டும் வேறு வண்டியில் போங்கள், அவ்வளவு தாழ்ந்த பம்பர் பனியை வாரிக்கொண்டு நின்றுவிடும்.