மணி ஐயரை எங்கே விட்டீர்கள்?

கேள்வி: இசையில் அதிகம் புதுமை செய்தவர் யார், பின்வந்தவர்களை அதிகம் பாதித்தவர் யார் என்று எங்கள் வாசகசாலையில் வாரக்கணக்கில் வாதம் நடக்கிறது. பெரியவர்கள் கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் என்கிறார்கள். நடுவயதினர் எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனை விட்டுக்கொடுப்பதில்லை. இளைஞர்கள் இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் என்று இரண்டு கட்சி. நால்வரில் யார் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நால்வரின் பெருமையிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் பாலக்காட்டு மாவட்டத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் இதைப் பேசியவர்கள், மிருதங்கக் கலைஞர் பாலக்காடு மணி ஐயரின் பெயரை ஒருமுறைகூட எடுக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாடுகிறவரும் மெட்டமைக்கிறவரும்தான் இசையை மாற்றுகிறார்கள், பக்கவாத்தியக்காரர் துணைக்கு இருப்பவர் என்ற எண்ணம் நமக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. என் தீர்ப்பு அவருக்குத்தான்.

புதுமை வேறு, செல்வாக்கு வேறு. மின் மாண்டலினைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்த உ. ஸ்ரீநிவாஸ் செய்தது மகத்தான புதுமை. ஆயினும் இன்று கச்சேரிகளில் அந்த வாத்தியத்தை அரிதாகவே பார்க்கிறோம். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வாய்ப்பது அபூர்வம். மணி ஐயரிடம் வாய்த்தது.

1912இல் பிறந்த அவர், கல்பாத்தியை அடுத்த சாத்தபுரத்தில் சுப்பையரிடம் தொடங்கி, பிறகு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் கற்றார். சிறுவனாக இருந்தபோதே அவரைத் தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்தவர், உங்கள் பெரியவர்கள் கொண்டாடும் அதே செம்பைதான். தாளத்தைக் காத்துக் கணக்கில் வித்தை காட்டுவதே மிருதங்கக்காரரின் திறமை என்று மதிக்கப்பட்ட காலத்தில், பாடகர் பாடும் கீர்த்தனையின் சாகித்தியத்தையும் (பாடல் வரிகளையும்) நடையையும் கூடவே தொடர்ந்து, எங்கே அழுத்த வேண்டும், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்து வாசிப்பதை அவர் ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தார். மிருதங்கத்தின் இடப்பக்கமான, ரவை அப்பிய தொப்பியின் மேல் இடது கையைத் தேய்த்து எழுப்பும் கும்கி என்னும் ஒலி, அவரிடம் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. பாட்டின் இழைவுக்கு அது பதில் சொன்னது. பாலக்காடு ரகு, உமையாள்புரம் சிவராமன், ஆந்திரத்தின் கமலாகர ராவ் என்று அவருடைய மாணவர்கள் வழியாகவும், அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் வழியாகவும் அந்த வாசிப்பு இன்று தென்னாட்டு மேடை முழுவதும் பரவியிருக்கிறது. 1966இல் சங்கீத கலாநிதி விருது பெற்றபோது, அதைப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர் அவர்தான்.

பழனி சுப்பிரமணிய பிள்ளையை ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. புதுக்கோட்டை மரபில் வந்த அந்த இடதுகை மேதையின் தனி ஆவர்த்தனத்தை, அதாவது பாட்டு நின்று மிருதங்கம் தனித்து ஒலிக்கும் பகுதியை, கேட்கும்போது எனக்கே மனம் தடுமாறும். பாட்டோடு செல்லும் வாசிப்பை அளவுகோலாகக் கொண்டதால் மட்டுமே மணி ஐயரிடம் நிற்கிறேன்.

அவர் பெயரோடு இன்னொரு பெயரையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்: மிருதங்கம் செய்த பர்லாந்து. மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் வார் ஆகியவற்றோடு வாழ்நாளெல்லாம் உழைத்த அந்தக் கைவினைஞர், மணி ஐயர் கேட்ட நாதம் கிடைக்கும்வரை ஆண்டுக்கணக்கில் சோதனை செய்து பார்த்தவர். நாம் மணி ஐயரின் நாதம் என்று சொல்வதில் பாதி பர்லாந்தின் கையில் பிறந்தது. மேடைக்கு வராத காரணத்தாலும், சாதியின் காரணத்தாலும் அவரைப் போன்றவர்களின் பெயர் வெகுகாலம் வெளியே தெரியாமல் போனது பெரும் அநீதி.

மணி ஐயரிடம் குறையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். பெண்களின் கச்சேரிக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்தவர் அவர், பாடகி டி.கே. பட்டம்மாளுக்குத்தான் முதலில் அந்தத் தயக்கத்தை விட்டார். அவ்வளவு பெரிய கலைஞர் அதற்கு அத்தனை காலம் எடுத்துக்கொண்டது வருத்தத்துக்குரியது.

திரையிசையைப் பற்றி ஒன்று மட்டும். 1965 வரையிலான பாடல்களை விஸ்வநாதன் ஒருவர் கணக்கில் எழுதுவது, உடனிருந்து இசையமைத்த டி.கே. ராமமூர்த்திக்குச் செய்யும் துரோகம். இளையராஜாவா ரஹ்மானா என்ற சண்டையில் நான் இறங்கப்போவதில்லை. இருவருடைய செல்வாக்கும் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும்போது அதை அளப்பது அவசரம்.

அடுத்த கூட்டத்தில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு மணி ஐயர் வாசித்த பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டு, ஒரு கீர்த்தனை முழுவதும் தொப்பியை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் நால்வரில் ஒருவர்தான் என்று தோன்றினால், காரணத்தோடு எழுதி அனுப்புங்கள், வெட்டாமல் வெளியிடுகிறேன்.