மான்ஸ்டர் ஹன்டர் வரிசை – கடிதம்

வணக்கம் அக்கா,

மான்ஸ்டர் ஹன்டர் சீரிஸ மொத்தமா விளையாடி முடிக்கலாம்னு இருக்கேன். 2004ல வந்த முதல் கேம்ல இருந்து 2025ல வந்த வைல்ட்ஸ் வரைக்கும் ரிலீஸ் தேதிப்படி ஒரு எக்செல் ஷீட் போட்டிருக்கேன், ஃப்ரன்டியர், ஸ்டோரீஸ் எல்லாம் சேத்து 21 வருது. கதை புரியணும்னா இந்த வரிசை சரிதானா? ஃப்ரெண்டு ஒருத்தன், வேர்ல்டுல ஆரம்பி, கார்டியன் கவசத்த மாட்டிக்கிட்டு ரெண்டு நாள்ல கதைய முடிச்சிட்டு ஐஸ்போர்னுக்குப் போ, நிஜமான கேம் அங்கதான் இருக்குங்கறான். யார் சொல்றது சரி? எந்த வெப்பன் எடுக்கலாம்னும் சொல்லுங்க.

அன்புடன்,
எஸ்.

தம்பி எஸ்.,

'எதுல ஆரம்பிக்கலாம்'னு வர்ற மெயிலுக்கெல்லாம் நான் பதில் போடறதில்ல. உனக்குப் போடக் காரணம், போன வாரம் அலமாரிய ஒதுக்கும்போது எங்க பழைய பிஎஸ்பி, அதான் கையில புடிச்சு ஆடற அந்த சின்ன கேம் மெஷின், சிக்குச்சு, பேட்டரி உப்பிப் போய் பின்மூடி கழண்டு கெடந்துச்சு, அத கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன், அன்னைக்கு ராத்திரிதான் உன் மெயில் வந்துச்சு.

எக்செல் ஷீட்ட மூடு முதல்ல. கதை வரிசைன்னு ஒண்ணு இந்த சீரிஸ்ல கிடையாது. ஒவ்வொரு கேமுக்கும் ஒரு ஊர், அந்த ஊருக்கு ஒரு தொல்லை, நீ போய் தீத்து வெக்கிற, அவ்வளவுதான். வேர்ல்டு முடிச்சாதான் ஐஸ்போர்ன், ரைஸ் முடிச்சாதான் சன்பிரேக், ஏன்னா அது ரெண்டும் அந்தந்த கேமோட தொடர்ச்சி. மத்ததுக்கெல்லாம் வரிசை தேடறது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடற வேல. அதுவும் உன் 21ல பாதி விளையாடவே முடியாது இல்லன்னா தேவையில்ல. ஃப்ரன்டியர் சர்வர 2019 டிசம்பர்லயே மூடிட்டாங்க. 2006ல வந்த ரெண்டாவது கேமும் 2010ல வந்த போர்ட்டபிள் தேர்டும் ஜப்பான தாண்டி வரவே இல்ல. ஃப்ரீடம் 2 மொத்தமும் ஃப்ரீடம் யுனைட்டுக்குள்ள இருக்கு, ட்ரைங்கற மூணாவது கேம விரிச்சதுதான் 3 அல்டிமேட், 4 அப்படியே 4 அல்டிமேட்டுக்குள்ள, ஜெனரேஷன்ஸுக்கும் அதே கததான். ரெண்டையும் வாங்கி ராத்தியன்ங்கற ஒரே மான்ஸ்டர ரெண்டு தடவ சாவடிச்சு என்ன பண்ணப் போற? நிண்டெண்டோவோட 3டிஎஸ் மெஷினுக்கான ஆன்லைனையும் 2024 ஏப்ரல்ல நிறுத்திட்டாங்க, அதுல இருக்கறதெல்லாம் தனியாதான் ஆடணும், இல்ல பக்கத்துலயே ஆள் வேணும்.

பழசுல இருந்து ஆரம்பிச்சா ஒரே மாசத்துல ஓடிடுவ, அதையும் சொல்லிடறேன். வேர்ல்டுல நடந்துக்கிட்டே மருந்து குடிக்கலாம். பழைய கேம்ல மான்ஸ்டர் பாஞ்சு வந்துட்டு இருக்கும்போது நம்மாளு நின்ன எடத்துலயே நின்னு நிதானமா குடிச்சிட்டு, குடிச்சு முடிச்சதும் ரெண்டு கையையும் மடக்கி புஜத்தக் காட்டி ஒரு போஸ் குடுப்பான், அந்த போஸ்லயே அடி விழும். எனக்கு அது உசிரு. உனக்கு எரிச்சலா இருக்கும். அதனால வேர்ல்டு, ஐஸ்போர்ன், அப்புறம் ரைஸ், சன்பிரேக், அப்பவும் அரிப்பு அடங்கலன்னா ஸ்விட்ச்ல ஜெனரேஷன்ஸ் அல்டிமேட். வைல்ட்ஸ எப்ப வேணா ஆடு. ஸ்டோரீஸ் டர்ன் மாத்தி மாத்தி அடிக்கிற தனி வகை, புடிச்சா பாரு. கேள்விக்கு பதில் முடிஞ்சுது.

இப்ப உன் ஃப்ரெண்டு விஷயத்துக்கு வரேன். அதப் படிச்சதுலேந்து எனக்கு வயிறு எரியுது.

அந்த கார்டியன் கவசமும் டிஃபெண்டர் ஆயுதமும் வேர்ல்டுல ஆரம்பத்துல கிடையாது. ஐஸ்போர்ன் வந்தப்புறம் புதுசா வர்றவங்க சீக்கிரமா கதைய தாண்டி அங்க வரட்டும்னு சும்மா தூக்கிக் குடுத்தது. மாட்டிக்கிட்டா மொத மான்ஸ்டர்லேந்து கத முடியற வரைக்கும் எல்லாம் பத்து நிமிஷத்துல செத்து விழும், ஒரு அடியும் உனக்கு உறைக்காது. நல்லதுதானேன்னு தோணும். நீ விளையாட்டுல வரிசை கேட்டல்ல, அந்த வரிசைய இவன் உருவி எறிய சொல்றான், அது உனக்குப் புரியல.

பாரு. மொதல்ல கிரேட் ஜாக்ராஸ், எதையாவது முழுசா முழுங்கி வயிறு உப்பி அசஞ்சு அசஞ்சு வரும், எப்ப அடிக்கணும்னு அதுவே நேரம் குடுக்கும். அப்புறம் கூலு-யா-கு, கல்லத் தூக்கி முன்னாடி புடிச்சுக்கும், கல்லு மேல அடிச்சுக்கிட்டே இருந்தா கத்தி மழுங்கும், சுத்தி வந்து அடிக்கணும்னு தானா புத்தி வரும். புகெய்-புகெய் வெஷம் துப்பும், கைல முறிமருந்து இருக்கணும்னு அப்பதான் தெரியும். டோபி-கடாச்சி மரத்துக்கு மரம் தாவும், கேமராவ திருப்பக் கத்துக்குவ. அதுக்கப்புறம்தான் அஞ்சநாத்த கொண்டாந்து எதுக்க நிறுத்துவாங்க. மூணு தடவ மயங்கி விழுந்தா வேட்ட கேன்சல், உன்ன பூனைங்க வண்டில போட்டு தள்ளிட்டு வந்து கேம்ப்ல கொட்டிட்டுப் போகும், அஞ்சநாத்கிட்ட அந்த வண்டில ஏறாதவங்க கம்மி. நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ ஒரு கணம் வரும், அது நெருப்பு கக்கறதுக்கு முன்னாடி வாயோரம் தீ எட்டிப் பாக்கறது உன் கண்ணுல படும். அது மொத தடவையும் அப்படித்தான் எட்டிப் பாத்துச்சு, நீதான் பாக்கல. இந்த கேம்ல மான்ஸ்டருக்கு ரத்தம் எவ்வளவு மிச்சம்னு காட்டற பட்டையே கிடையாது. நொண்டுதா, எச்சில் வழியுதா, எந்தப் பக்கம் ஓடுதுன்னு அத பாத்துதான் தெரிஞ்சுக்கணும். பாக்கறதுதான் ஆட்டமே. பத்து நிமிஷத்துல சாகறத யார் பாப்பா? அப்படியே போய் ஐஸ்போர்ன்ல நிப்ப, அங்க இந்த கவசம் காகிதம், கையில இருந்த பலமும் போச்சு, கண்ணும் பழகல. கடுப்பாகி அன்இன்ஸ்டால் பண்ணுவ. பண்ணிட்டு கேம் சரியில்லம்ப.

எனக்கு எப்படி தெரியும்னா, வீட்ல நடந்துச்சு.

நானும் என் தம்பியும் ஒரே பிஎஸ்பில ஃப்ரீடம் யுனைட் ஆடுனோம். ஒரு பிஎஸ்பி, ஒரே ஹன்டர், ரெண்டு பேரு. ரூல் என்னன்னா மயங்கி விழுந்தா கை மாத்தணும். மொத உசிரு அவனுக்கு, ரெண்டாவது எனக்கு, மூணாவது யாருக்குன்னு தெனம் சண்ட, சில நாள் அந்த சண்டையிலேயே வேட்டைக்குக் குடுக்கற 50 நிமிஷத்துல பாதி ஓடிடும், பாஸ் பண்ணி வெக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணாது. கேமராவ திருப்ப அம்புக்குறி பட்டன், நடக்க அதே பக்கம் இருக்கற குமிழ், ஒரே கையால ரெண்டையும் பண்ணணும்னா ஆள்காட்டி விரல நண்டு மாதிரி மடக்கி புடிக்கணும். நரம்பு வலிச்சா கை மாத்திக்குவோம்.

அந்த கேம் எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா, பனி மலையில நீ போயிட்டு இருப்ப, டைக்ரெக்ஸ்னு ஒண்ணு வந்து அடிக்கும், மலைலேந்து கீழ விழுவ, பொக்கே கிராமத்துல கண்ணு முழிப்ப. உன்ன தள்ளிவிட்டது யாருன்னு மொத நாளே தெரியும், ஆனா அத வேட்டையாடற குவெஸ்ட்டு வர்றதுக்கு எவ்வளவோ நாளாகும். நாங்க பேசறதே அதப்பத்திதான்.

நடுவுல கெசு வந்துச்சு. பனிக் குகைல இருக்கும், வெள்ளையா தோல் உரிச்ச மாதிரி, கண்ணே கிடையாது, கூரையில ஒட்டிக்கிட்டு தல மட்டும் நீண்டு கீழ வரும். எல்லா மான்ஸ்டருக்கும் சண்ட மியூசிக் வரும், இதுக்கு மட்டும் ஒண்ணும் வராது, காத்து சத்தமும் உன் காலடியும் மட்டும்தான். திடீர்னு அலறும், நம்மாளு காதப் பொத்திக்கிட்டு நின்னுடுவான். எத்தன தடவ தோத்தோம்னு கணக்கே இல்ல. கடைசியா அது செத்தப்ப பிஎஸ்பி என் கையில இருந்துச்சு, ஆனா எந்தப் பக்கம் உருளணும்னு கத்துனது அவன், அதனால யார் கொன்னதுன்னு இன்னும் தீர்ப்பு ஆகல.

அதுக்கப்புறம் ஒரு சனிக்கிழம, அவன் ஃப்ரெண்டு ஒருத்தன் சொந்த பிஎஸ்பியோட வந்தான். கேம முடிச்சவன். பக்கத்துல உக்காந்து கனெக்ட் பண்ணி, எங்க ஹன்டர கூட்டிக்கிட்டு ஒரே சாயங்காலத்துல பெரிய பெரிய வேட்டையெல்லாம் அவனே அடிச்சான். எங்காளு ஓரமா நின்னு செத்ததுலேந்து தோலயும் எலும்பயும் அறுத்துக்கிட்டதோட சரி. காலைல நான் எடுத்துப் பாக்கறேன், எங்க ஹன்டர் எனக்குத் தெரியாத ஒரு கவசத்துல நிக்கறான். பல்ல கடிச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லல. டைக்ரெக்ஸ் குவெஸ்ட்டு வந்த அன்னைக்கு ரெண்டு பேரும் போர்வைக்குள்ள உக்காந்தோம், மொத உசிரு அவனுக்கு. அது பாயுது, அடிக்குது, உறைக்கவே இல்ல. கொஞ்ச நேரத்துல செத்துப்போச்சு. நான் கைல வாங்கவே இல்ல, வாங்கற சந்தர்ப்பமே வரல.

அவன் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தான். "அவ்வளவுதானாக்கா?"ன்னான். அப்புறம் அத அவன் தொடவே இல்ல. நான் தனியா கொஞ்ச நாள் ஆடுனேன், மூணு உசிரும் எனக்கேன்னு ஆனதும் எனக்கும் நல்லா இல்ல.

உப்புன பேட்டரிய போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்புனேன். உடனே போன் பண்ணான். டைக்ரெக்ஸ் ஞாபகம் இருக்காடான்னேன். யோசிச்சுப் பாத்துட்டு இல்லன்னான். "அந்த குருட்டு வெள்ள சனியன் இருக்குல்லக்கா, கூரையில தொங்குமே, அத நான்தான கொன்னேன்?"ன்னான்.

நான்தான் கொன்னேன்.

வெப்பன் கேட்டிருந்த. 14 இருக்கு, டிரெய்னிங் ஏரியால போய் ஒவ்வொண்ணா வீசிப் பாரு, கைக்கு எது வாகா இருக்கோ அது. நான் ஹன்டிங் ஹார்ன், ஊதுகொம்பையே ஆயுதமா வீசறது, அத யாருக்கும் சிபாரிசு பண்றதில்ல. அந்த கவசம் பெட்டிலயே கெடக்கட்டும், மாட்டுன சேதி தெரிஞ்சா இனிமே உனக்கு பதில் போட மாட்டேன். ரைஸ்ல கெசு வருது. அங்க போய் சேரும்போது மெயில் போடு, எத்தன தடவ பூன வண்டில ஏறுனன்னு பொய் சொல்லாம எழுது.

அக்கா