நறுக்கின பழமும் காமா கதிரும்: உங்கள் கேள்விகள்

நறுக்கின பழத்தை டப்பாவில் மூடி, கிருமியை அழிக்கக் காமா கதிர் பாய்ச்சுகிற முறையைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இவை.

கதிர்வீச்சு பட்ட பழத்தைத் தின்றால் அது நம் உடம்புக்குள்ளும் வந்துவிடாதா? (பாளையங்கோட்டை வாசகி)

வராது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருகிற ஆள், வீட்டில் உள்ளவர்கள் மேல் கதிர் வீசிக்கொண்டா இருக்கிறார்? கோபால்ட்-60 என்கிற கதிரியக்க உலோகம் தருகிற காமா கதிர் பழத்தைத் துளைத்துக்கொண்டு போகும், போகிற வழியில் கிருமியின் டி.என்.ஏ.வை அறுத்துவிடும், அவ்வளவுதான். பழத்தையே கதிரியக்கப் பொருளாக்குகிற ஆற்றல் அதற்குக் கிடையாது.

நன்றாகக் கழுவினால் போதாதா? (வண்ணார்பேட்டை)

முழுப் பழத்துக்குச் சரி. வெட்டின பிறகு சாறு கசிகிற சதைக்குள் கிருமி இறங்கிவிடும், குளோரின் தண்ணீர் மேலோடுதான் நிற்கும். காமா கதிரோ மூடி ஒட்டின டப்பாவுக்குள்ளேயும் போகும், அதனால் மறுபடி கை படாது. 1 கிலோகிரே (பழம் வாங்குகிற கதிரை அளக்கிற அலகு கிரே, ஆயிரம் கிரே ஒரு கிலோகிரே) அளவிலேயே, வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற ஈகோலை கிருமி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிடும். அளவைக் கூட்டினால் பழம் குழைந்துபோகும், இந்த முறையில் பெரிய தலைவலியே அதுதான். 2007 முதல் நம் மாம்பழம் அமெரிக்காவுக்குக் கதிர்வீச்சு செய்துதான் போகிறது, ஆனால் அந்த 400 கிரே வண்டுக்கும் பூச்சிக்குமானது, கிருமிக்குக் காணாது.

டவுன் ரத வீதியில் பழ வண்டி போட்டிருக்கிறேன். இந்த மெஷின் வாங்கலாமா?

அண்ணாச்சி, அது கடையில் வைக்கிற சாமான் இல்லை. தடித்த கான்கிரீட் சுவர், அணுசக்தித் துறை சார்ந்த உரிமம் எல்லாம் வேண்டும். உங்கள் கையில் இருப்பது கத்தியும் வாளியும்தான், நான் கவலைப்படுவதும் அந்த வாளியைப் பற்றித்தான். காலையில் பிடித்த தண்ணீரிலேயே மத்தியானம் வரைக்கும் கத்தியை முக்கி முக்கி எடுத்தால், ஒரு பழத்தின் தோலில் இருந்த அழுக்கு அன்றைக்கு வெட்டுகிற அத்தனை பழத்துக்கும் போகும். தர்பூசணியை வெட்டுவதற்கு முன்னால் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். பப்பாளியும் தர்பூசணியும் புளிப்பில்லாத பழங்கள், நம்ம ஊர் வெயிலில் கிருமி விறுவிறுவென்று பெருகும். வெட்டி ஒரு மணி நேரத்துக்குள் விற்றுவிடுங்கள், இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

மருமகள் ஆறு மாதம். ஃபிரிட்ஜில் வைத்த வெட்டுப் பழம் கொடுக்கலாமா? (மேலப்பாளையம்)

வேண்டாம்மா. லிஸ்டீரியா என்கிற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். கதிர்வீச்சு செய்த டப்பா என்றாலும் திறந்த பிறகு அந்தப் பாதுகாப்பு இல்லை. முழுப் பழமாக வாங்கி, கழுவி, அப்போதே நறுக்கிக் கொடுங்கள்.